லூபஸ்: ஒரு பழைய ரத்த ரிப்போர்ட்டுக்காக அலைந்த கதை

ரத்தத்தில் வெள்ளையணு குறைந்தாலே டாக்டர்கள் வைரஸ் காய்ச்சல் என்று முடித்துவிடுகிறார்கள். மழைக்காலத்தில் இங்கே டெங்கு படுத்தும் பாட்டில் அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் என் தங்கச்சிக்கு டெங்கு நெகட்டிவ். காய்ச்சல் விட்டும் வெள்ளையணு 3,100க்கு மேல் ஏறவில்லை. விரல் மூட்டெல்லாம் வீக்கம், வாயில் புண்.

உசிலம்பட்டியில் மூட்டு வலிக்கு ஒரு ஊசி போட்டார்கள். ஸ்டீராய்டு என்று யாரும் சொல்லவில்லை. அப்புறம் லூபஸா என்று பார்க்க மதுரையில் வாதநோய் டாக்டரிடம் போனபோது வெள்ளையணு எண்ணிக்கை 7,800! ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களை ஸ்டீராய்டு ரத்த ஓட்டத்துக்குள் இறக்கிவிடுமாம், அதனால் குறைவு மறைந்துபோகுமாம். “ஊசிக்கு முந்தின ரிப்போர்ட்டைக் கொண்டாங்கம்மா” என்றார்.

லூபஸில் உடம்பு தனக்கெதிராகவே ஆன்டிபாடி தயாரிக்கிறது. அந்த ஆன்டிபாடிகளில் சில போய், லிம்போசைட், நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வகைகளின் மேல்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. நோட்டீஸ் ஒட்டிய வீடு மாதிரிதான், அப்புறம் இடிக்க ஆள் வந்துவிடும். காம்ப்ளிமென்ட் என்ற புரதங்கள் அந்த அணுவைத் துளைக்கும், இல்லாவிட்டால் மண்ணீரலில் உள்ள விழுங்கணுக்கள் தின்றுவிடும். லூபஸுக்கு எடுக்கும் ஏஎன்ஏ டெஸ்ட் பார்ப்பதோ அணுவின் உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடியை, மேல்பரப்பில் ஒட்டுவதை அல்ல. அதனால் ஏஎன்ஏ எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து வெள்ளையணு எவ்வளவு குறையும் என்று சொல்ல முடியாது.

2019இல் வந்த வகைப்பாட்டில் லூபஸ் என்று சேர்க்க 10 புள்ளி வேண்டும். வெள்ளையணு 4,000க்குக் கீழே ஒரு தடவை போயிருந்தாலே 3 புள்ளி உண்டு. ஆனால் லூபஸைவிட வேறு காரணம் நன்றாகப் பொருந்தினால் அது கணக்கில் வராது. அதனால் டெங்கு நெகட்டிவ் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சரி, அந்தப் பழைய ரிப்போர்ட்? லேப் கவுன்டரில் இருந்தவர் தலையே நிமிரவில்லை. “பில் நம்பர் இல்லாம எடுக்க முடியாது.” மறுபடி போனால் கம்ப்யூட்டர் மாற்றியாச்சாம். நான் வாசலில் நின்று புலம்பியதைக் கேட்டு, ரத்தம் எடுக்கிற பெண் வெளியே வந்தார். “என்னைக்கு வந்தீங்கக்கா?” என்று கேட்டு கைப்பதிவேட்டைப் புரட்டினார். இருந்தது! 3,100, லிம்போசைட் 24 சதவீதம். லேப் சீல் போட்டு எழுதிக் கொடுத்தார். அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

24 சதவீதம் என்றால் நார்மல்தானே என்று விட்டுவிடாதீர்கள். 3,100இல் 24 சதவீதம் வெறும் 744தான். ஆயிரத்துக்கும் கீழே. எந்த ரிப்போர்ட்டிலும் சதவீதத்தை எண்ணிக்கையாக மாற்றிப் பாருங்கள்.

ஏஎன்ஏவிலும் ஒரு செலவு வீணானது. எலைசா என்ற லேப் முறையில் பார்த்து வெறும் ‘பாசிட்டிவ்’ என்று கொடுத்தார்கள். டாக்டருக்கு வேண்டியது இம்யூனோஃப்ளோரசன்ஸ் (அணுக்களில் ஒட்டிய ஆன்டிபாடியை ஒளிரவைத்துப் பார்ப்பது) முறையில் டைட்டரும் (ஆன்டிபாடி அளவு) பேட்டர்னும் (ஒளிரும் விதம்). பணம் கட்டும் முன்பே எந்த முறை என்று கேளுங்கள்.

டிஎஸ்-டிஎன்ஏ (டிஎன்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடி), சி3, சி4 (காம்ப்ளிமென்ட் புரதங்கள்) டெஸ்டெல்லாம் எடுப்பதில் சிக்கலில்லாமல் முடிந்தன. இப்போது ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் மாத்திரை ஓடுகிறது, அதற்காகக் கண் பரிசோதனையும் உண்டு. அடுத்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோப்ரின் வரலாம் என்கிறார் டாக்டர். அந்த மாத்திரையே வெள்ளையணுவைக் குறைக்கும். அதனால் தொடங்குவதற்கு முன் ஒரு சிபிசி (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை) எடுத்து, தேதியோடு ஃபைலில் வைக்கச் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை பில்லையும் சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறேன்.