ஓலைக் கடிகாரமும் பூவரசம் பீப்பீயும்

எங்கள் பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் மூன்று தடவை போன் செய்துவிட்டார். ஆண்டு விழாவையும் பரிசளிப்பையும் எழுத ஆள் இருக்கிறது. எனக்கு நினைவில் நிற்பது மூன்றாம் வகுப்புக் கைவேலைப் பீரியட்தான்.

1977 நவம்பர்ப் புயல் அடித்து ஓய்ந்திருந்தது. எங்கள் தெருத் தென்னைகளில் பாதி சாய்ந்து கிடந்தன. பள்ளிக்கூடத்து ஓடுகளும் பறந்துவிட்டதால் வகுப்பு பூவரச மரத்தடிக்கு வந்துவிட்டது. (திருவாரூரும் நாகையும் அப்போது தனி மாவட்டம் இல்லை, எல்லாம் தஞ்சாவூர் ஜில்லாதான்.) கலர் பேப்பருக்கு எங்கே போவது? "கண்ணுல படுற இலையெல்லாம் கொண்டாங்கடா" என்றார் டீச்சர்.

கொண்டுவந்து கொட்டினோம். "இப்பப் பிரிங்க" என்றார். எப்படிப் பிரிப்பது என்று மட்டும் சொல்லவில்லை. முதலில் பெரிசு, சின்னது என்று பிரித்தோம். அடுத்து, ஆடு தின்பது, தின்னாதது. அதில் ஒரே சண்டை. ஆடு எதை விட்டுவைக்கிறது? பிறகுதான், "எல்லாத்தையும் கிழிச்சுப் பாருங்க" என்றார்.

தென்னோலை நுனிவரை ஒரே கோடாகக் கிழிந்தது. நாணல், மூங்கில், நெல்லுத்தாள் எல்லாம் அப்படியே. அரசும் பூவரசும் கோணல்மாணலாகப் போயின. வாழையிலையில் மாட்டிக்கொண்டோம். நீளவாக்கில் இழுத்தால் வரவில்லை. நடுத்தண்டிலிருந்து ஓரத்துக்கு இழுத்தால் சரசரவென்று வந்தது. டீச்சர் வாய்க்கால் கரையில் புயலுக்குத் தப்பி நின்ற வாழைகளைக் கைகாட்டினார். ஒவ்வொரு இலையும் சீப்பு மாதிரி கிழிந்து தொங்கியது. வாழை ஓலைப் பக்கம் போனது.

அப்புறம் கைவேலை. நேராகக் கிழிவதில் கடிகாரம், காற்றாடி, பாம்பு. மற்றதில் பீப்பீ. பூவரசம் இலையில் கடிகாரம் பின்னிப் பார்த்தவன் நான். இரண்டாவது மடிப்பிலேயே கந்தல். அதையே சுருட்டி ஒரு முனையை நசுக்கி ஊதினால் கல்யாண வீட்டு நாயனம். அன்றைக்கு நாற்பது நாயனம் ஒன்றாக ஊதியதில் தலைமையாசிரியர் ஓடிவந்துவிட்டார்.

ஆறாம் வகுப்பில், நேராகக் கிழிவது இணைப்போக்கு நரம்பமைப்பு, கோணலாகக் கிழிவது வலைப்பின்னல் நரம்பமைப்பு என்று சார் போர்டில் எழுதியபோது எனக்குப் பேர்தான் புதுசு.

ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் வாய்க்காலிலிருந்து சேப்பங்கிழங்கு இலை ஒன்று பறித்து வந்திருந்தான். வலை மாதிரி நரம்பு, கோணலாகத்தான் கிழிந்தது. ஆனாலும் பூவரசோடு வைக்க மாட்டேன் என்று அதைத் தனியாக ஒரு ஓட்டுத்துண்டின் மேல் வைத்தான். ஏண்டா என்று கேட்டதற்கு, "இது வாழை மாதிரி பக்கக்கன்னு விடுது டீச்சர்" என்றான். டீச்சர் கொஞ்ச நேரம் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, அது அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

சேம்பு விதைக்குள் ஒரே ஒரு இலை வைத்திருக்கும் ஒருவித்திலைத் தாவரம், தென்னைக்கும் வாழைக்கும் சொந்தம், நரம்பு மட்டும் வலைப்பின்னல் என்று திருச்சியில் காலேஜில் படித்தபோது எனக்கு வகுப்பே ஓடவில்லை.

போன மாதம் அந்தச் சேம்பு நண்பனுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். ஓட்டுத்துண்டு, டீச்சர் சொன்னது எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை. சேம்புப் பால் பட்டு ராத்திரி முழுக்கக் கை அரித்ததும், அம்மா புளி கரைத்துத் தேய்த்ததும் மட்டும் நன்றாக நினைவிருக்கிறதாம்.