மூன்று மூடி எண்ணெய்

எங்கள் விடுதி மாஸ்டர் சென்ற மார்கழியில் காலமானார். செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. நான் இரவு வேலை முடித்து, பஸ்ஸுக்குக் காத்து நின்ற நேரம். படத்தில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, கையில் அந்தக் கறுப்பு அட்டை வேதாகமம். அதற்குக் கீழே நூற்றுக்கு மேற்பட்ட பேர் அஞ்சலி எழுதியிருந்தார்கள். எனக்கு ஒரு வரிகூட எழுத வரவில்லை. மலர்க்குழுத் தம்பி இந்தக் கட்டுரையைக் கேட்டபோதும் இரண்டு தரம் மறுத்துவிட்டேன். அவரைப் பற்றி எழுதுவதென்றால் எண்ணெய்க் கதையை எழுத வேண்டும். அந்தக் காலத்தில் விடுதியில் இருந்தவர்களுக்கு அது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

1990இல் யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பிறகு எங்கள் படிப்பெல்லாம் ஜாம் போத்தல் விளக்கில்தான். மண்ணெண்ணெய் தங்கத்துக்குச் சமம். போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அதில் எண்ணெயை ஊறவிட்டு, மேலே மெல்லிய திரி ஒன்று. சுவாலை சுண்டுவிரல் நகத்தளவுதான் நிற்கும். காற்றடித்தாலும் போத்தல் சுவர் காக்கும். ஆனால் எண்ணெய் எவ்வளவு மிச்சம் இருக்கிறதென்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, எல்லாம் பஞ்சுக்குள் இருக்கும். ஆளுக்கு மூன்று மூடி என்பது கணக்கு. மூடி என்றது இருமல் பாணிப் போத்தலின் பிளாஸ்ரிக் மூடி. மாலைப் பிரேயருக்கு முன்னர் எல்லாரும் வரிசையில் வர, ஒருவன் அளந்து ஊற்ற வேண்டும். 1991இல் அந்த வேலை எனக்குத் தரப்பட்டது. எனக்குப் பதினைந்து வயது. ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சை வகுப்பு.

அந்த வருடம் வேதவசன மனனப் போட்டியில் முதற்பரிசு எனக்குத்தான் கிடைத்தது. நீதிமொழிகளின் முதல் ஒன்பது அதிகாரங்களையும் மூச்சுவிடாமல் சொல்வேன். மாஸ்டரே சபைக்கு முன்னால் என் தோளில் தட்டினார். அதனால்தான் எண்ணெய்ப் போத்தலை என் கையில் தந்தார் என்று நினைக்கிறேன்.

ஆறாம் வகுப்பில் ஒரு சின்னப் பெடியன் இருந்தான். தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். பார்வை குறைவு. கண்ணாடியின் ஒரு பக்கம் உடைந்து, அதை நூலால் கட்டியிருப்பான். விளக்கை நீட்டும்போது முகத்தைத் திருப்பிக் காதைக் கொடுப்பான். எண்ணெய் விழும் சத்தத்தை வைத்துத்தான் அவன் கணக்குப் பார்த்தான். மூன்று தரம் சத்தம் கேட்டால் அவனுக்குச் சரி. மூன்றாவது மூடி அரைதான் நிரம்பியிருந்ததென்று அவனுக்கு எப்படித் தெரியும்? அந்த அரை மூடியை நான் ஒரு மருந்துப் போத்தலில் சேர்த்து என் பெட்டிக்குள் வைத்தேன். எனக்குப் பரீட்சை இருந்தது. இரவில் கொஞ்சம் கூடப் படிக்க வேண்டியிருந்தது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு கிழமைகள் போயிருக்கும். படிப்பு முடிகிற மணி அடிக்க முதலே ஒவ்வொரு நாளும் அவனுடைய விளக்கு அணைந்துவிடும். மாஸ்டர் கேட்டதற்கு அவன், "என்ரை திரிதான் கூடாது, சேர்" என்றான். மாஸ்டர் ஒரு நாள் புதுத் திரி போட்டுக் கொடுத்தார். அன்றும் அணைந்தது. அடுத்த நாள் தன்னுடைய போத்தலிலிருந்து தானே மூன்று மூடி அளந்து ஊற்றினார். அது மணி அடித்த பிறகும் எரிந்தது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

மறுநாள் இரவு பிரேயர் முடிந்து யாரும் எழும்ப முன்னர், நீதிமொழிகள் 1:7ஐ யார் சொல்வது என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று சொன்னேன்: "கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம், மூடர் ஞானத்தையும் போதகத்தையும் அசட்டைபண்ணுகிறார்கள்." "நல்லது ராசா," என்றார். "லேவியராகமம் 19:14 தெரியுமோ?" தெரியாது. தன் வேதாகமத்தைத் திறந்து என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். வெளிச்சம் காணாது. அந்தச் சின்னவனைக் கூப்பிட்டு விளக்கைப் பிடிக்கச் சொன்னார். அவன் என் விலாவோடு ஒட்டி நின்று, இரண்டு கைகளாலும் போத்தலைத் தூக்கிப் பிடித்தான். எனக்கு எழுத்துத் தெரிய வேண்டுமென்று இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.

"செவிடனை நிந்தியாமலும், குருடனுக்கு முன்னே..."

அதற்கு மேல் எனக்கு வாசிக்க முடியவில்லை. மாஸ்டர் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. சாப்பாட்டு மண்டபத்தில் அறுபது பேரும் சத்தமில்லாமல் இருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சின்னவனுக்குக் கை நொந்திருக்க வேண்டும், வெளிச்சம் ஆடத் தொடங்கியது. பிறகு முழுவதையும் வாசித்தேன்: "...தடுக்கலை வையாமலும், உன் தேவனுக்குப் பயந்திரு, நான் கர்த்தர்." அப்போது மாஸ்டர் மெதுவாக, "அந்த மருந்துப் போத்தலை எடுத்துக்கொண்டு வா ராசா," என்றார்.

எடுத்து வந்தேன். அந்த மூடியாலேயே அளந்து பொதுப் போத்தலுக்குள் ஊற்றச் சொன்னார். ஆறு மூடி வந்தது. ஒவ்வொரு மூடிக்கும் சின்னவன் பழக்கத்தில் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றான். எண்ணெய் என் விரல்களில் வழிந்தது. அந்த மணம் சவுக்காரம் போட்டும் இரண்டு நாள் போகவில்லை.

நான் பிரம்பை எதிர்பார்த்தேன். கேட்டும் விட்டேன், "அடியுங்கோ சேர்." அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். "பிரம்புக்குப் பயந்தவன் பிரம்பு இல்லாத இடத்திலை என்ன செய்வான்? நாளைக்கும் நீதான் அளக்க வேணும்." அவ்வளவுதான். அதுவரை எண்ணெய் அளக்கும்போது கதவடியில் வந்து நிற்பார். அடுத்த நாளிலிருந்து வரவில்லை. நான் ஓ.எல். முடிக்கும்வரை ஒரு நாள்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வெறுமையாக இருந்த அந்தக் கதவடியைப் பார்த்துக்கொண்டு அளப்பது எவ்வளவு பாரம் என்று அளந்தவனுக்குத்தான் தெரியும்.

அடுத்த வேதபாட வகுப்பில் அவர் இதைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கவில்லை. பயம் என்ற சொல்லைத்தான் எடுத்தார். எபிரெய மொழியில் அதற்கு 'யிர்ஆ' என்ற சொல், நடுங்குவதும் அதுதான், வணங்கி ஒடுங்குவதும் அதுதான் என்றார். ஆரம்பம் என்பதற்கு அங்கே 'ரேஷீத்', ஆதியாகமத்தின் முதற்சொல்லுக்குள் இருக்கிற அதே சொல். ஆனபடியால் இது படித்து முடித்துத் தாண்டிப்போகிற அரிவரி வகுப்பு அல்ல, வீட்டுக்கு அத்திவாரம் மாதிரி, கூரை போட்ட பிறகும் அதன் மேலேதான் வீடு நிற்கும் என்று விளக்கினார். நீதிமொழிகள் இந்த வசனத்தோடு தொடங்கி, கடைசி அதிகாரத்தில் கர்த்தருக்குப் பயப்படுகிற ஒரு பெண்ணைப் புகழ்ந்து முடிவதைக் காட்டினார். அப்புறம் கரும்பலகையில் குறளை எழுதினார்: "அஞ்சுவ தஞ்சாமை பேதைமை அஞ்சுவது அஞ்சல் அறிவார் தொழில்." சைவப் பிள்ளைகள் சிலரும் அந்த வகுப்பில் வந்து இருப்பார்கள், அவர்கள் முகம் மலர்ந்தது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அஞ்ச வேண்டியது எது என்று கண்டுபிடிப்பதுதான் அறிவு, அதை வள்ளுவரும் சாலொமோனும் இரண்டு கரையிலிருந்து சொல்கிறார்கள் என்றார்.

யாத்திராகமத்து மருத்துவச்சிகளின் கதையையும் அன்றைக்குத்தான் சொன்னார். பிறக்கிற எபிரெய ஆண்பிள்ளைகளைக் கொன்றுவிடு என்று எகிப்து ராஜா கட்டளையிடுகிறான். சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு பெண்கள் தேவனுக்குப் பயந்ததனால் அதைச் செய்யவில்லை. ராஜாவுக்குப் பயப்படாமல் நிற்க அவர்களுக்கு அந்தப் பயம்தான் கைகொடுத்தது. 1991இல், யாழ்ப்பாணத்தில், அவர் அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் யாரும் கேள்வி கேட்கவில்லை.

1993இல் நான் கிளாலிக் கடனீரேரியைத் தாண்டி யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டேன். அதற்கு முதல்நாள் அவரைப் பார்க்கப் போனேன். ஜெபம் செய்து அனுப்பினார். "போய்ச் சேர்ந்து கடிதம் போடு" என்றார். ஒன்று போட்டேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிவர ஊரே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி நடந்தபோது நான் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்து வானொலி கேட்டேன். விடுதிக் கணக்குப் புத்தகங்களைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டுதான் அவர் சாவகச்சேரிக்குப் போனாராம். தன்னுடைய உடுப்புகள் ஒரு சின்னப் பைக்குள். அவருடைய மகள் பின்னாளில் சொன்னது.

இங்கே வந்த பிறகு இந்தப் பயத்தைப் பற்றி நிறைய விவாதம் கேட்டிருக்கிறேன். ஒரு கூட்டத்தில் போதகர் ஒருவர், பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்று யோவான் எழுதியிருக்கிறாரே, பழைய ஏற்பாட்டுப் பயம் எங்களுக்கு எதற்கு என்று கேட்டார். அவர் சொல்வதில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். கடவுள் தண்டிப்பார், கண்ணைக் குத்துவார் என்று வெருட்டி வளர்த்த பிள்ளைகள் பலர் பிறகு கோயில் பக்கமே போகாமல் விட்டதை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் சீனாய் மலையடியில் மோசே ஒரே வசனத்தில் "பயப்படாதிருங்கள்" என்றும், தேவனைப் பற்றிய பயம் உங்கள் முன் இருக்க வேண்டும் என்றும் இரண்டையும் சொல்கிறார். வெருட்டலைத் தள்ளிவிட்டு மற்றதைப் பிடித்துக்கொள் என்பதாகத்தான் எனக்குப் படுகிறது. இந்த வித்தியாசத்தை நான் புத்தகத்தில் கற்கவில்லை. அந்தக் கதவடியில்தான் கற்றேன்.

லேவியராகமத்தைப் பிறகு நானே இருந்து முழுவதும் வாசித்தேன். 19ஆம், 25ஆம் அதிகாரங்களில் ஐந்து இடங்களில் "உன் தேவனுக்குப் பயந்திரு" என்ற இந்தக் கட்டளை வருகிறது. செவிடன், குருடன். நரைத்த கிழவர்கள். காணி விற்கல் வாங்கலில் ஏமாறக்கூடியவன். கடன்பட்ட ஏழை. அடிமைப்பட்டு வேலை செய்கிறவன். இவர்களுக்குச் செய்கிற அநியாயத்தை இவர்களால் காணவோ, கண்டாலும் கேட்கவோ முடியாது. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி என்ற யூத உரையாசிரியர், செய்கிறவனின் மனதுக்கு மட்டுமே தெரிந்த காரியங்களில்தான் இந்த வார்த்தை வருகிறது என்று எழுதியிருக்கிறார். வாசித்தபோது எனக்கு மண்ணெண்ணெய் மணத்தது.

இனி எழுதப் போவதுதான் எனக்குக் கடினம்.

ஐந்து வருடங்களுக்கு முதல், மகளிடம் நம்பர் வாங்கி அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருடைய பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது. வேதாகமத்தை மகள்தான் வாசித்துக் காட்டுவாள். "ஆர் கதைக்கிறது?" என்றார். பெயரைச் சொன்னதும், "எங்கடை எண்ணெய்க்காரத் தம்பியே!" என்று சிரித்தார். அதில் ஒரு குத்தலும் இல்லை, முழுக்கச் சந்தோஷம். குடும்பம், பிள்ளைகள் எல்லாம் விசாரித்தார். என்ன வேலை என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரியிலை, சேர்."

"நல்லது ராசா. டொக்டரோ?"

நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "அந்தப் பக்கம்தான், சேர்" என்றேன். அவர் அங்கேயிருந்து கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். பக்கத்தில் நின்ற மகளிடம், "எங்கடை பெடியன் டொக்டராம்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. ஆவணியில் வருகிறேன் என்றேன். போகவில்லை. அந்த ஆவணியும் இல்லை, அதற்குப் பிறகு வந்த ஆவணிகளும் இல்லை. பொய்யைத் திருத்தாமல் அவர் முன்னால் போய் நிற்க எனக்கு முகமில்லை. திருத்துவதற்குத் துணிவும் வரவில்லை. கண் தெரியாத ஒரு மனிதருக்கு இரண்டாம் தரமும் அரை மூடி ஊற்றினேன்.

செத்தவீட்டுக்குப் பிறகு அவருடைய மகளோடு கதைத்தேன். "அப்பா உங்களைப் பற்றி எல்லாருக்கும் சொல்லுவார், அண்ணா," என்றாள். என்ன சொல்லுவார் என்று நான் கேட்கவில்லை. இந்த மலரில் ஒரு பிரதி அவளுக்கு அனுப்புவதாக மலர்க்குழு சொல்லியிருக்கிறது. அவள் இதை அவர் வழக்கமாக இருக்கும் கதிரைக்குப் பக்கத்தில் இருந்து, முன்பு அவருக்கு வாசித்த மாதிரிச் சத்தமாக வாசித்தால் நல்லது.

சேர், நான் டொக்டர் இல்லை. ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு பதினொன்று முதல் காலை ஏழு மணிவரை வேலை செய்கிறேன். பதினெட்டு வருடமாகிறது. கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றுகிற வேலை. இப்போது என்னுடைய பகுதியில் பக்கவாதத்தால் பேச்சுப் போய், பார்வையும் மங்கிய ஒரு கிழவர் இருக்கிறார். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். திருப்பியதும் ஒரு தாளில் அடையாளம் போட வேண்டும். விடியற்புறம் மூன்று மணிக்கு அந்த நடையில் வேறு ஒருவரும் இருக்கமாட்டார்கள். திருப்பிவிட்டுத்தான் போடுகிறேன், சேர்.