கோடி போகும் முன்னே: வேலூர்ப் பக்கத்து ஏரி ஒன்றின் மழைக்கால நாட்குறிப்பு

செப்டம்பர் 12

ஏரியில் பாதிகூடத் தண்ணீர் இல்லை. கரையைப் பார்க்க இதுதான் சமயம். நீர் ஏறிவிட்டால் உள்சரிவு கண்ணுக்குத் தெரியாது. கரைமேல் முளைத்த சீமைக்கருவேலத்தை வெட்டியாகிறது. வெட்டினால் மட்டும் போதாது. வேர் உள்ளேயே மக்கினால் அந்தத் துளைதான் தண்ணீருக்கு வழி. இளம் செடிகளை வேரோடு தோண்டி, குழியில் களி கலந்த மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டுத் திமிசால் இடிக்க வேண்டும். எலி வளைக்கும் நண்டு வளைக்கும் இதே வேலைதான். மணலைக் கொட்டி மூடக் கூடாது, ஒழுகும். பெரிய புளியமரம் நின்றால் இப்போது தொட வேண்டாம். மழைக்கு ஒரு மாதம் இருக்கையில் கரையைப் பிளப்பது ஆபத்து, கோடைக்கு விடலாம்.

செப்டம்பர் 21

மதகு. திருகு கம்பியைத் துடைத்து, கிரீஸ் பூசி, ஷட்டரை முழுக்க ஏற்றி முழுக்க இறக்கிப் பார்த்தாயிற்று. நடுவில் சிக்கினால் கம்பி நெளிந்திருக்கிறதா, அடியில் சேறு அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நான்கு பேர் சேர்ந்து முறுக்கினால் மரைதான் தேயும். கைப்பிடி, பாசன நீரைப் பங்கிடும் நீர்க்கட்டியின் வீட்டில் இருக்கட்டும். இன்னொன்று ஊராட்சி அலுவலகத்தில்.

அக்டோபர் 3

இன்று கோடி: ஏரி நிறைந்ததும் மிச்ச நீர் வழிந்து வெளியேறும் தாழ்ந்த சுவர். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

கோடியின் மேல் மண்மூட்டை அடுக்கி இன்னும் ஒரு அடி தேக்கலாம் என்ற பேச்சு வருடம் தவறாமல் வருகிறது. தண்ணீருக்கு ஏங்கும் ஊரில் அந்த ஆசை நியாயமானது. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். 30 மீட்டர் நீளமுள்ள கோடியில் 60 செ.மீ. உயரத்துக்கு வழிந்தால் விநாடிக்குச் சுமார் 840 கன அடி வெளியேறும். கரை உயரம் அதேதான் என்பதால், 30 செ.மீ. மூட்டையால் அடைத்தால் வழிய மிஞ்சுவது 30 செ.மீ.; வெளியேறுவது 300 கன அடிக்குள். உயரம் பாதியானால் போக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். மீதித் தண்ணீர் கரைமேல் ஏறும். மண்கரைமேல் ஏறிய நீர் வெளிச்சரிவை அரித்துக்கொண்டே உள்ளே வரும். பிறகு நிறுத்த முடியாது.

மீன் தப்பாமல் கட்டும் வலையும் இதே கேட்டைச் செய்யும். ஆகாயத்தாமரை வந்து ஒட்டியதும் வலை சுவராகிவிடும். மழைக்காலம் முழுக்க வலை கூடாது என்று குத்தகைக்காரரிடம் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

கோடிச் சுவரில் 10 செ.மீ.க்கு ஒரு கோடாக வெள்ளைப் பெயின்ட் அடித்தாயிற்று. இரவில் டார்ச் அடித்தாலே மட்டம் தெரியும்.

அக்டோபர் 9

கோடியில் வழியும் நீரைக் கொண்டுபோகும் போக்கு கால்வாயில் கீழ் ஏரிவரை தூர்வாரல். நம் பக்கம் மட்டும் வாரி நிறுத்தினால் தண்ணீர் அடுத்த ஊர்த் தெருவில் நிற்கும். ஏரிகள் சங்கிலி, மேலே ஒன்று உடைந்தால் கீழே உள்ளதும் தாங்காது. 1903 நவம்பரில் வாணியம்பாடியைப் பாலாறு அடித்தபோது, மேலே மைசூர்ப் பக்கம் பேத்தமங்கலா ஏரி உடைந்திருந்தது. குடியாத்தத்துக்கு மோர்தானா அணையும் இப்படித்தான்: நீர்ப்பிடிப்பின் பெரும்பகுதி ஆந்திராவில், நம் வானம் வெளுத்திருந்தாலும் கவுண்டன்ய ஆறு பெருகும்.

அக்டோபர் 14

மூட்டை 300, சவுக்குக் கம்பு, தார்ப்பாய் இரண்டு. சாக்கில் மூன்றில் இரண்டு பங்கு மண் போதும். முட்ட நிரப்பினால் படியாது, இடுக்கில் ஒழுகும். வாயை மடித்து அடியில் வைத்து, செங்கல் கட்டுவதுபோல் மூட்டு மாற்றி அடுக்கி மிதிக்க வேண்டும்.

ஆற்றைப் பார்த்துக்கொண்டே சுவரை மறந்துவிடுகிறோம். 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் அதில். விரிசல் விட்ட மண்சுவர் வீடுகளைத் தெருத்தெருவாக எழுதி, அங்கு இருப்பவர்களைத் தொடர்மழையின் முதல் நாளே பள்ளிக்கூடத்துக்கு மாற்ற முடிவு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077 எல்லார் கைபேசியிலும் இருக்க வேண்டும்.

அக்டோபர் 30, இரவு

கோடியில் 20 செ.மீ. போகிறது. வெளிச்சரிவின் அடியில் ஒரு ஊற்று. தெளிந்த நீர் கசிந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தால் கரை உள்ளே அரிகிறது. இது கலங்கித்தான் வருகிறது. ஊற்றின் வாயை அடைக்கக் கூடாது, அடைத்தால் வேறிடத்தில் பிய்த்துக்கொள்ளும். சுற்றிலும் வட்டமாக மூட்டை அடுக்கி, உள்ளே நீரை ஏறவிட வேண்டும். அந்த நீரின் எடை எதிர்த்து நிற்கும். வேகம் தணிந்து மண் வருவது நின்றால் அந்த உயரத்தில் ஒரு வாய் விட்டு வழியவிடலாம். மூன்று வரிசையில் தெளிந்தது. தாழ்ந்த தெருவினர் பள்ளியில். அரைமணிக்கு ஒருமுறை பார்வை.

நவம்பர் 2

மட்டம் கோடிக்குக் கீழே. ஊற்றுக்குப் பயந்து மதகை முழுக்கத் திறக்கச் சொல்கிறார்கள். வேண்டாம். சடுதியில் இறங்கினால் நனைந்த உள்சரிவு சரிந்து விழும். கால் பங்கு திறப்பு, நாளைக் காலை மறுபடி அளவு.