லாயர் வேலைக்கு நடுவுல ஒரு புத்தகம்

லாயர் வேலையும் பாத்துக்கிட்டு புத்தகமும் எழுதுறேன்னு சொன்னா, உங்ககிட்ட வர்ற கேஸையெல்லாம்தானே எழுதுறீங்கன்னு கேக்குறாங்க. இல்லவே இல்லைங்க. நான் பாக்குறது குடும்ப கேஸ், கிளையண்ட் நம்மள நம்பிச் சொன்னது கேஸ் முடிஞ்ச பிறகும் வெளிய போகக்கூடாது, பேர மாத்தினாலும் இந்தச் சின்ன ஊர்ல யாருன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. அதனால பழைய, ஊரறிஞ்ச வழக்கத்தான் தேடிப் போறேன்.

இப்ப கையில இருக்கிறது சிங்கப்பூர்ல நடந்த மரியா ஹெர்டாக் வழக்கு, ஒரு பொண்ணு பெத்தவங்களுக்கா வளர்த்தவங்களுக்காங்கிற சண்டை. 1942ல ஜாவால அமினாங்கிற முஸ்லிம் அம்மாகிட்ட வந்து சேர்ந்த டச்சுக் குடும்பத்துப் பொண்ணு, நத்ரான்னு முஸ்லிமா வளர்ந்து 1950 ஆகஸ்ட்ல, 13 வயசுல, அவளுக்குக் கல்யாணமும் ஆயிடுச்சு. டிசம்பர்ல தீர்ப்பு. அப்பா டச்சுக்காரர், அதனால பொண்ணுக்கும் அந்த நாட்டுச் சட்டந்தான், அதுபடி வயசு பத்தாது, கல்யாணம் செல்லாது, பிள்ளை பெத்தவங்களுக்கு. பெத்தவங்க பக்கம் நின்னிருந்தா நானும் இப்படித்தான் வாதாடியிருப்பேன்.

ஆனா புத்தகத்துல எனக்கு கிளையண்ட் கிடையாது. கொஞ்ச நாள் வச்சிருக்கத்தான் குடுத்தேன்ங்கிறாங்க பெத்த தாய் அடெலின், வளர்க்கவே குடுத்தாங்கங்கிறாங்க அமினா. எட்டு வருஷம் சோறூட்டினவங்க ஒருத்தங்க, போர்ல பிள்ளையத் தொலைச்சிட்டு அத்தன வருஷம் தவிச்சவங்க இன்னொருத்தங்க. ரெண்டு பேரையும் ஒரே அத்தியாயத்துல நியாயமா நிக்க வைக்கிறதுதான் எனக்குப் பெரிய பாடு, இந்த வேலைக்காகவே நான் எழுதுறேன்னுகூட சொல்லுவேன்.

தொழில் கைகுடுக்கிற இடமும் உண்டு. எழுதின ஒவ்வொரு வரியையும் குறுக்கு விசாரணை பண்றேன், இத யார் பாத்தா, யார் சொல்லிக் கேட்டது, எந்தத் தேதி பேப்பர்ல வந்துச்சுன்னு. இந்த வழக்கால டிசம்பர் 11ல சிங்கப்பூர்ல கலவரம் வெடிச்சு 18 பேர் செத்தாங்க, 173 பேருக்குக் காயம். அதுக்கு முன்னாடி, தீர்ப்புக்கப்புறம் அவள வச்சிருந்த கிறிஸ்தவ கான்வென்ட்ல மாதா சிலை பக்கத்துல மரியா நிக்கிற படங்கள் பேப்பர்ல வந்திருக்கு, அதப் பாத்த முஸ்லிம்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு புரிய, நாள் வரிசையா பழைய பேப்பர் எல்லாத்தையும் புரட்டணும். சனிக்கிழமை விக்டோரியா ஸ்திரீட் நூலகத்துலயே போயிடுது, ஹியரிங் இல்லாத ராத்திரில எழுத்து.

அந்த டிசம்பர்ல சுல்தான் பள்ளிவாசல் பக்கம், நார்த் பிரிட்ஜ் ரோடு பக்கம் இருந்த பெரியவங்க உங்க வீட்டுல யாராச்சும் இருந்தா சொல்லுங்க, நேர்ல வந்து கேட்டுக்கிறேன். பேர் வேண்டாம்னா போட மாட்டேன்.