கத்திக்கு முன் ஒரு படம்

ஜூன் 3

இன்று வெளிநோயாளர் பிரிவில் மனதில் நின்றவை இரண்டு காதுகள். முதலாவது கல்லூரி மாணவி. செவிப்பறையின் நடுவில் ஓட்டை, காது காய்ந்திருக்கிறது, கேட்கும் திறன் லேசாகக் குறைவு. "சிடி ஸ்கேன் எடுக்க வேண்டாமா டாக்டர்?" என்றார் அம்மா. வேண்டாம். ஓட்டையை மைக்ரோஸ்கோப்பே காட்டிவிட்டது. திட்டத்தை மாற்றாத படத்துக்காகக் கதிர்வீச்சு எதற்கு?

அடுத்தவர் ஐம்பதைத் தாண்டியவர். சிறு வயது முதலே சீழ், நாற்றம். செவிப்பறையின் மேல்பகுதி உள்ளே இழுபட்டுப் பை போலாகி, அதில் வெள்ளைத் தோல் செதில்கள். கொலஸ்டியாடோமாதான்: நடுச்செவிக்குள் தோல் வளர்ந்து எலும்பை அரிக்கும் நோய். "காதைத் தொடைச்சா தலை சுத்துது டாக்டர்" என்று அவர் போகிற போக்கில் சொன்னதுதான் என்னை நிமிர வைத்தது. காதுத்துளைக்கு முன்னாலுள்ள மேட்டை அழுத்திப் பார்த்தேன். கருவிழிகள் ஒரு பக்கமாகத் துடித்தன. சமநிலை காக்கும் உட்செவியின் எலும்புச் சுவரில் ஓட்டை விழுந்திருக்கலாம். இவருக்கு சிடி பார்க்காமல் கை வைக்கப்போவதில்லை.

ஜூன் 5

படம் வந்தது. 0.6 மில்லிமீட்டர் வெட்டுகள். அறிக்கையைப் பிரிக்கும் முன் படத்தை நானே பார்த்துவிடுவேன். அறிக்கை நோயைத் தேடும்; எனக்கு வேண்டியது டிரில் போகும் வழியில் எது குறுக்கே வரும் என்பது.

நல்ல காதில், குறுக்குவெட்டில் நடுச்செவியின் சிறு எலும்புகளான சுத்தியின் தலையும் பட்டடையும் சேர்ந்து ஐஸ்கிரீம் கோன் மாதிரி தெரியும். இவருக்குக் கோன் பாதி அரிக்கப்பட்டிருக்கிறது. செவிப்பறைக்கு மேலே இருக்கும் எலும்பு விளிம்பான ஸ்கூட்டத்தின் கூர்முனை மழுங்கிவிட்டது. காதுக்குப் பின்னாலுள்ள மாஸ்டாய்டு எலும்பில் காற்றறைகளே இல்லை, கெட்டி எலும்பு. மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் பெரிய சிரையான சிக்மாய்டு சைனஸ் வேறு முன்னால் தள்ளி நிற்கிறது, ஆக வேலை செய்ய இடம் குறைவு. மூளையைத் தாங்கும் கூரை மெலிந்திருந்தாலும் அறுந்துபோகவில்லை. அது அறுந்திருந்தால் எம்.ஆர்.ஐ. கேட்டிருப்பேன், மூளை கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்க்க.

உட்செவியில் சமநிலையைக் காக்கும் பக்கவாட்டு அரைவட்டக் குழல்தான் விஷயம். அடுத்தடுத்த வெட்டுகளில் அதன் மேல் எலும்பு இல்லை; முன்பக்கத் தளத்திலும் அதே இடத்தில் இல்லை. ஒரே வெட்டில் மட்டும் தெரிந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

முகநரம்பின் மேல் எலும்பு மூடியிருப்பதாகத்தான் தெரிகிறது. நடுச்செவிப் பகுதியில் அந்த ஓடு அவ்வளவு மெல்லியது. படம் இரண்டு பக்கமும் ஏமாற்றும். திறந்திருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 6

கதிரியக்க நிபுணரிடம் பேசினேன். "சாம்பலா இருக்கறதெல்லாம் கொலஸ்டியாடோமான்னு எழுதச் சொல்லாதீங்க" என்று சிரித்தார். நியாயம். சீழும் சதை வளர்ச்சியும் சிடியில் அதே சாம்பல்தான். பிரித்துக் காட்ட, கொலஸ்டியாடோமாவைத் தனியே பளிச்சென்று காட்டும் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. இருக்கிறது, ஆனால் எப்படியும் திறக்கப்போகிறோம்.

மாலையில் அவரையும் மனைவியையும் உட்கார வைத்துப் படத்தைக் காட்டினேன். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "காது கேக்குமா?" நோயை எடுப்பது முதல் வேலை, கேட்பது அடுத்தது, இந்தக் குழலில் ஓட்டை இருப்பதால் இருக்கிற கேள்திறனும் போகலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினேன்.

ஜூன் 9

அறுவை முடிந்தது. காதுக்குழாயின் பின்சுவரை எடுக்க வேண்டியிருந்தது. பட்டடையின் நீண்ட காலே இல்லை; அடுத்த சிறு எலும்பான அங்கவடி முழுசாக இருந்தது. அரைவட்டக் குழலின் மேல் ஒட்டியிருந்த தோல் படலத்தைக் கடைசிவரை தொடவில்லை. மற்றதெல்லாம் சுத்தமான பிறகு, நீரூற்றிக்கொண்டே மெதுவாக உரித்து, உடனே தசையுறைத் துண்டால் மூடினேன். அந்தப் பக்கம் உறிஞ்சுகுழாயைக் கொண்டுபோகக் கூடாதென்று உதவி மருத்துவருக்கு முன்பே சொல்லியிருந்தேன்.

முகநரம்பு? ஓடு இல்லாமல் வெறுமனே கிடந்தது.

ஜூன் 10

கண்ணை இறுக மூடச் சொன்னேன், பல்லைக் காட்டச் சொன்னேன். முகம் இரு பக்கமும் சமம். தலைசுற்றல் கொஞ்சம் உண்டு, வாந்தி இல்லை. கேள்திறன் சோதனை கட்டு பிரித்தபின்.

பின்சுவரை எடுத்ததில் உண்டான குழிவு திறந்திருப்பதால் இனி பெரும்பாலும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். நடுச்செவியின் பின்பக்கம் ஒளிந்திருக்கும் பள்ளமான சைனஸ் டிம்பனியின் ஆழம் மட்டும் பார்வைக்கு எட்டாது. அங்கே மிச்சம் வளர்கிறதா என்று பார்க்க ஓராண்டு கழித்து டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமென்று கேஸ் ஷீட்டில் எழுதியாயிற்று. மாணவிக்கு அடுத்த வாரம் செவிப்பறை ஒட்டும் அறுவை.