காய்ச்சல் என்ற கட்டம்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தை அடுத்த ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து, 1918இல் வந்த இன்புளுயன்சா என்ற ஃப்ளூ காய்ச்சலையும் கொரோனாவையும் ஒன்றாக வைத்துக் காட்டும் கண்காட்சி ஒன்றைச் செய்தோம். ஒரே வகுப்பறை, இரண்டு நாள். தயாரிக்க ஐந்து வாரம் ஆனது.

முதலில் ஒரு பெரிய பிளெக்ஸ் அடித்தோம். கூடம் நிறையக் கட்டில்கள், வரிசையாக நோயாளிகள். இணையத்தில் தேடினால் முதலில் வரும் படம் அது. மாட்டிய அன்றே ஒரு பெண், "சார், இதுல நம்ம ஊரு எங்க இருக்கு?" என்று கேட்டாள். அது அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து ராணுவ முகாமில் எடுத்த படம். கழற்றிவிட்டோம்.

நம் ஊரைத் தேடுவதில் இன்னொரு சிக்கல். 1965இல் தருமபுரி மாவட்டம் பிரியும்வரை நாங்கள் சேலம் மாவட்டம். 2004இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. பழைய விவரங்களைக் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று தேடினால் ஒன்றும் வராது, சேலத்துக்குள்தான் போக வேண்டும். இதைப் புரிந்துகொள்ளவே எங்களுக்கு ஒரு வாரம் போனது.

அடுத்து எண்கள். 1918இல் இந்தியாவில் 1.2 கோடியிலிருந்து 1.8 கோடிப் பேர்வரை இறந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். கொரோனாவுக்கு அரசுக் கணக்கு சுமார் 5.3 லட்சம். பிள்ளைகள் இரண்டையும் பட்டைப் படமாக வரைந்து வந்தார்கள். ஒன்று கூரையைத் தொட்டது, மற்றது கணுக்கால் உயரம். எனக்கு மனசு ஒப்பவில்லை. முன்னது மதிப்பீடு, பின்னது பதிவான கணக்கு. 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சொன்ன மதிப்பீடு 47 லட்சம். இந்திய அரசு அதை ஏற்கவில்லை. கடைசியில் மூன்று பட்டைகள் வரைந்து, எது எண்ணியது, எது மதிப்பிட்டது, எதில் சச்சரவு என்று அடியில் எழுதினோம். பார்க்க அழகு குறைந்ததுதான், ஆனால் அதில் சமரசம் செய்யக் கூடாது என்று இப்போதும் நினைக்கிறேன்.

இந்த வேலையில்தான் கண்காட்சியின் நடுப்பொருள் கிடைத்தது. அந்தக் காலத்தில் ஊர் அதிகாரியான கிராம முன்சீப் பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்வார். இறப்புக் காரணங்களுக்கு அரசு சில தலைப்புகள் வைத்திருந்தது: காலரா, பெரியம்மை, பிளேக், காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று. இன்புளுயன்சாவுக்கு இடமில்லை. அதில் போனவர்களில் பெரும்பாலோர் காய்ச்சல் கட்டத்துக்குள் போய்விட்டார்கள். ஆறு அடி காடாத் துணியில் அந்தத் தலைப்புகளை எழுதிக் கட்டம் போட்டு நடுச்சுவரில் தொங்கவிட்டோம். காய்ச்சல் கட்டத்தை மட்டும் காலியாக, மிக அகலமாக விட்டோம்.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. 1918இல் இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர்கள் அதிகம் இறந்தார்கள், கொரோனாவில் முதியவர்கள். இதற்கு அட்டையில் ஆள் உருவங்கள் வெட்டி வைத்தோம். 1897இல் பிளேக்குக்காக வந்த தொற்றுநோய்ச் சட்டம்தான் 2020இலும் பயன்பட்டது என்பதற்கு ஒரு சின்னப் பலகை. 2020 மே தொடக்கத்தில் தமிழ்நாட்டிலேயே தொற்று இல்லாத ஒரே பச்சை மண்டலமாக இருந்தது எங்கள் மாவட்டம். அந்த வரியைப் படித்தவர்கள் எல்லாரும், அப்போது ஊர் எல்லையில் முள் வெட்டிப் போட்டதையும் வேப்பிலைத் தோரணம் கட்டியதையும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பெரியம்மைக்கும் ஒரு மூலை கொடுத்தோம். ஒரு மாணவன் தன் ஆயாவின் கையில் இருந்த அம்மை குத்திய, அதாவது பெரியம்மைத் தடுப்பூசி போட்ட தழும்பின் மேல் பட்டர் பேப்பரை வைத்து, பென்சிலால் ஓரம் வரைந்து எடுத்துவந்தான். எட்டணாக் காசு அளவுக்கு, ஓரம் நெளிந்த வட்டம். அதைப் பார்த்து மறுநாள் இன்னும் நான்கு தாள்கள் வந்தன. 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. அதனால் பிள்ளைகளின் கைகளில் அந்தத் தழும்பும் இல்லை. தாளையும் தங்கள் தோளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் மாலை ஓர் அம்மா வந்தார். துணிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரித் தாள்ல நிமோனியான்னு போட்டுட்டாங்க சார்" என்றார். 2021 மே மாதம். கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு அரசு அறிவித்த 50,000 ரூபாய்க்காக அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எட்டு மாதம் அலைந்திருக்கிறார். "பணம் அப்புறம், கொரோனான்னு எழுதியிருந்தா போதும்" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெண் ஸ்கெட்ச் பேனாவை நீட்டினாள். அவர் காய்ச்சல் கட்டத்தில், ஓரமாக, சின்ன எழுத்தில் கணவர் பெயரை எழுதினார்.

ஸ்கெட்ச் மை துணியில் பரவி எழுத்து கலங்கியது. மறுநாள் காலை மார்க்கர் பேனா வாங்கி வைத்தேன், அவர் எழுதிய பெயரைத் தொடவில்லை. மாலைக்குள் கட்டத்தில் இடமில்லை. ஒரு மாணவியின் அம்மா டெய்லர். மிச்சத் துணியை அடியில் சேர்த்துத் தைத்துத் தந்தார். அதிலும் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது.