புகைப்பெட்டிக்குப் புதிய ஹீட்டர்

வண்டிப்பெரியாற்றில் ஆனி பிறந்துவிட்டால் உப்புக்கண்டத்தை வெயிலில் காயவைப்பது நடக்காத காரியம். அதற்காகவே பழைய இரும்பு பீரோ ஒன்றின் உட்புறப் பெயின்ட்டை முழுவதும் சுரண்டி எடுத்து, அடியில் 1,000 வாட் கம்பிச்சுருள் அடுப்பை வைத்து, புகைப்பெட்டியாக மாற்றியிருந்தேன். கோடையில் ஒழுங்காக வேலை செய்த அந்தப் பெட்டி, மழைக்காலத்தில் 85 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற மறுத்தது. பன்றித் தொடையைப் புகையிலேயே வேகவைக்க எனக்கு 110 முதல் 120 டிகிரி வரை தேவைப்பட்டது.

ஹீட்டரை மாற்றுமுன் கதவிடுக்கில் கண்ணாடிநார்க் கயிற்றை ஒட்டினேன். சற்றே பலன் கிடைத்தது. பிறகு மாலை நேரத்தில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது மின்னழுத்தம் 195 வோல்ட்தான் இருந்தது. வாட் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறைவதால், 230 வோல்ட்டில் 1,000 வாட் தரும் சுருள் 195 வோல்ட்டில் ஏறத்தாழ 720 வாட்தான் தரும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் 2,000 வாட் என்று முடிவு செய்தேன். இறங்கிய மின்னழுத்தத்திலும் அது 1,400 வாட்டுக்குக் குறையாது. 3,000 வாட் போடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். பீரோ அளவுள்ள பெட்டிக்கு அது வேண்டாத வேலை.

குமுளி மலை இறங்கிக் கம்பத்தில் தேடியபோது, வெந்நீர் போடும் ஹீட்டரையே முதலில் எடுத்துக் காட்டினார்கள். அதன் உறை தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் வெப்பத்தை இறக்கிவிட முடியும். காற்றில் இயக்கினால் பழுத்துச் சிவந்து வெடித்துவிடும். காற்றைச் சூடாக்குவதற்கென்றே தகட்டுச் செதில்கள் சுற்றிய, ‘யு’ வடிவக் குழாய் ஹீட்டரைக் கேட்டு வாங்கினேன். அதன் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டர் 26 ஓம் மின்தடை காட்டியதால் 230 வோல்ட்டில் 2,000 வாட் என்பது உறுதியானது.

வயரிங் வேலையை எலக்ட்ரீசியனிடம் விட்டேன். ஏறக்குறைய 8.7 ஆம்பியர் ஓடும் என்பதால் 16 ஆம்பியர் பிளக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் போட்டோம், சாதாரண பி.வி.சி. வயர் 70 டிகிரிக்கு மேல் தாங்காது, ஆகவே பெட்டிக்குள் சிலிக்கான் உறை வயர் மட்டுமே. வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியின் கட்டளைப்படி எஸ்.எஸ்.ஆர். ரிலே என்னும் மின்னணு சுவிட்ச் ஹீட்டரை இயக்குகிறது. இந்த ரிலே பழுதானால் பெரும்பாலும் மின்சாரத்தை நிறுத்தாமல் ஓடவிட்டுவிடும் என்பதால், அதனுடன் தொடராகத் சூடு அளவு மீறினால் மின்சாரத்தை நிறுத்தும் வெப்பத் துண்டிப்பான் ஒன்றையும் தனியே வைத்தோம். செலவைக் குறைக்க விரும்புகிறவர்கள் வேறெதையாவது குறைக்கட்டும்.

இத்தனை செய்தும், சுவிட்சைப் போட்டவுடன், மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. விழுந்தது. குழாய்க்கும் உள்ளிருக்கும் நிக்ரோம் சுருளுக்கும் நடுவே நிரப்பியுள்ள மெக்னீசியம் ஆக்ஸைடு தூள் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது; ஈரம் ஏறினால் அதன் வழியே மின்சாரம் குழாய்க்குக் கசியும். எங்கள் ஊர் ஈரக்காற்றில் கடையிலும் வீட்டிலும் கிடந்த ஹீட்டருக்கு அது போதாதா? எர்த்தைக் கழற்றிவிட்டால் விழாது என்று ஒருவர் யோசனை சொன்னார். கசிவு அப்படியே இருக்க, பெட்டியின் கைப்பிடி வழியாக ஆளைத் தாக்கும் யோசனை அது. நான் ஹீட்டரைக் கழற்றி, பழைய சுருள் அடுப்பை வெறும் பெட்டிக்குள் பல மணி நேரம் எரியவிட்டு, அதன் மேலே கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். எலக்ட்ரீசியன் மெக்கர் என்னும் அளவுகருவியை வைத்துக் காப்புத்தடை (கசிவைத் தடுக்கும் திறன்) நன்கு உயர்ந்திருப்பதைப் பார்த்த பிறகே மீண்டும் இணைத்தார். ஆர்.சி.சி.பி. அதன்பின் விழவில்லை. மழைக்காலத்தில் நெடுநாள் சும்மா கிடந்தால் ஈரம் மறுபடியும் ஏறக்கூடும் என்பதால், இறைச்சி இல்லாத நாளிலும் அவ்வப்போது பெட்டியைச் சூடேற்றுகிறேன்.

இப்போது அடைமழையிலும் 115 டிகிரி நிலையாக நிற்கிறது. ஆனால் புகை குறைந்துபோனது. பழைய சுருள் இடைவிடாமல் எரிந்ததால் அதன்மேல் தட்டிலிருந்த காப்பிக் கட்டைத் துண்டுகள் ஓயாமல் கனன்றுகொண்டிருந்தன. புதிய ஹீட்டரோ வெப்பம் எட்டியதும் அணைந்து அணைந்து எரிவதால் கட்டை கருகுவதோடு நின்றுவிடுகிறது. ஆகவே கட்டைத் தட்டுக்கு மட்டும் தனி சுவிட்சுடன் 500 வாட் ஹாட்பிளேட் ஒன்றைச் சேர்த்தேன். இரண்டும் ஒன்றாக எரிந்தாலும் 11 ஆம்பியருக்குள் அடங்குகிறது. முதல் சில மணி நேரம் புகை ஊட்டியபின் ஹாட்பிளேட்டை அணைத்துவிட்டு, மீதி வேக்காட்டைப் பெரிய ஹீட்டரிடம் விட்டுவிடுகிறேன்.